பதினொரு மணி முப்பத்தெட்டு நிமிடம்

எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எவ்வளவு தூரம், விமானத்தில் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள், சொல்கிறேன். அதுதான் என் பிழைப்பு. ஒரு பயண நிறுவனத்தின் இணையதளத்துக்கு ஒரு நாளைக்கு நாற்பது ஜோடி ஊர்கள் எழுத வேண்டும். நேர்கோட்டுத் தூரத்தை எண்ணூறால் வகுத்தால் நேரம் வந்துவிடும். அந்த வழியில் விமானம் போகிறதா என்று பார்க்கும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. "யாரு ஏறிப் பாக்கப் போறாங்க?" என்பார் மேனேஜர். எங்கள் ஆபீசில் விமானம் ஏறியவர் ஒருவரும் இல்லை, அவரையும் சேர்த்துத்தான்.

அப்பா பஸ் நிலையத்தில் முப்பது வருஷம் டைம் கீப்பர். இரண்டு நிமிஷம் பிந்தி வந்த டிரைவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். "வகுத்தல் கணக்குக்கெல்லாம் சம்பளமா?" என்று என்னைக் கிண்டல் செய்வதில் அவருக்கு அலாதி சந்தோஷம்.

அப்பாவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "வரவேண்டியவங்களை வரச் சொல்லிடுங்க" என்றார். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், நம் நேரப்படி காலை ஆறு மணிக்கு அங்கே விமானம் ஏறினான்.

"எத்தனை மணிக்கு வருவான்?" என்றார் அப்பா.

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் தொழிலை மதித்து அவர் கேட்ட முதல் கேள்வி! போனில் தேடினால் முதலில் வந்ததே நான் எழுதிய பக்கம். பெருமையோடு படித்துக் காட்டினேன். ஒன்பதாயிரத்து முந்நூற்றுப் பத்து கிலோமீட்டர், பதினொரு மணி முப்பத்தெட்டு நிமிடம்.

"ஏர்போர்ட்லேர்ந்து இங்க வர ஒரு மணி போடு. ஆறு முப்பத்தெட்டு" என்றார். சுவர்க் கடிகாரம் தெரியும்படி கட்டிலைத் திருப்பச் சொன்னார்.

நாலு மணிக்கு அண்ணனிடமிருந்து செய்தி வந்தது. நடுவில் ஏதோ ஓர் ஊரில் உட்கார்ந்திருக்கிறான். அடுத்த விமானத்துக்கு ஏழு மணி நேரம், அப்புறம் இன்னொரு மாற்றம், மொத்தம் இருபத்தொன்பது மணி நேரம். போனில் சார்ஜ் தீரப் போகிறதாம். உடனே கூப்பிட்டேன், அதற்குள் தீர்ந்துவிட்டது. அப்பாவின் கட்டிலருகே போனேன்.

"அண்ணன் வழியிலதான் இருக்கான், நாளைக்கு மதியம்தான்பா வருவான்."

"எழுதிப் போட்ட நேரம் ஒண்ணு, வர்ற நேரம் ஒண்ணா? அவனுக்காகச் சப்பைக்கட்டு கட்டாதே."

"அது நான் சும்மா வகுத்துப் போட்டதுப்பா."

"நீ எழுதினதுதானே? அதான் நம்புறேன்."

செய்தியைக் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் அவரால் படிக்க முடியாது. கண்ணாடியை மாட்டிவிடப் போனால் கையைத் தட்டிவிட்டார். ஆயுசில் ஒரே ஒருமுறை என் உழைப்பை நம்பினார் மனுஷன், அதற்கு இந்த நாள்தானா கிடைத்தது!

ஆறு முப்பத்தெட்டு ஆனது. கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார்.

"அவன் கிளம்பவே இல்லடா" என்றார். அதற்குப் பிறகு பேசவில்லை. எட்டு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் மதியம் அண்ணன் பெட்டியோடு வந்து நின்றான். அழுது ஓய்ந்தபின் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நான் வழியில இருக்கேன்னு அப்பாகிட்ட சொன்னியாடா?"

"சொன்னேண்ணா" என்றேன்.

"அது போதும்டா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் சொன்னது நிஜம்தான்.