இடுப்பில் ஒரு குடம்

பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவர ஷோபனா பித்தளைக் குடத்தில் கைவைத்ததும், நாத்தனார் அனுராதா ஓடிவந்து மறித்தாள்.

"வேணாம் அண்ணி. நீங்க தூக்கக் கூடாது. அம்மா இருந்தா உட்டிருக்குமா?"

மருமகள் கொண்டுவரும் தண்ணீரில்தான் மாமியாருக்குக் கடைசிக் குளியல்; அம்மையார்குப்பத்தில் அவர்கள் வழக்கம் அது. ஆனால் ஷோபனா கனம் தூக்கக் கூடாது என்பது தெருவுக்கே தெரியும். தெரியப்படுத்தியவள், வாசல் பெஞ்சில் கிடத்தியிருந்த ஜெயம்மாள்தான்.

மகள் யுவஸ்ரீ நடக்க ஆரம்பித்ததுமே ஜெயம்மாள் இன்னொரு பேரப்பிள்ளைக்கு அடிபோட்டாள். ஷோபனாவுக்கு வேண்டாம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு விசைத்தறியில் நின்றதே போதும் போதும் என்றாகியிருந்தது. இருக்கிற ஒன்றை ஒழுங்காகப் படிக்கவைப்போம் என்று கணவன் பூபாலனும் ஒத்துக்கொண்டான். வேண்டாம் என்று சொன்னால் தினமும் சண்டை. முடியாது என்றால் பேச்சு அத்தோடு முடியும். "கர்ப்பப்பை எறங்கியிருக்குதாம் அத்தே. இனிமே தாங்காதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க," என்று திருத்தணி போய்வந்த அன்று ஷோபனா கூசாமல் சொன்னாள்.

ஜெயம்மாள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மறுநாள் காலை ஷோபனா இடுப்பிலிருந்த குடத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எறங்குன ஒடம்ப வெச்சுகினு கனம் தூக்குவாங்களா? நான் குத்துக்கல்லாட்டம் இருக்கசொல்ல உனக்கின்னா?"

அன்றிலிருந்து தெருக்குழாய்த் தண்ணீர் முழுக்க மாமியார் பொறுப்பு. நாலு நாளில் அலுத்துப்போய் விட்டுவிடுவாள் என்றுதான் ஷோபனா நினைத்தாள். வருடங்கள் ஓடிவிட்டன. நேற்றுக் காலை, கொண்டுவந்த குடத்தைச் சிந்தாமல் வாசற்படியில் இறக்கிவைத்துவிட்டுப் பக்கத்தில் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

"இந்தாங்க, சொம்புல மொண்டாந்தா போதும்," என்று அனுராதா நீட்டினாள்.

ஷோபனாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. பூபாலன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தச் சொம்பை வாங்கிக்கொண்டால் போதும், செத்தவளோடு பொய்யும் போய்விடும், யாருக்கும் தெரியப்போவதில்லை.

அவள் வாங்கவில்லை. குழாயடிக்குப் போய்க் குடத்தில் விளிம்புவரை தண்ணீர் பிடித்தாள். ஒரே தூக்கில் இடுப்பில் ஏற்றினாள்.

"அண்ணி, பாத்து..." என்று பின்னாலேயே பதறி வந்த அனுராதா, அவள் நடையைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். பிறகு ஒதுங்கி வழிவிட்டாள்.

தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஷோபனா நேராக நடந்து வந்து, குடத்தை ஜெயம்மாளின் தலைமாட்டில் இறக்கிவைத்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை.