மொட்டைத் தலைகள் வந்த காலை

ஐப்பசி. குளத்தின் மேல் சாரல். சாரலுக்குள் வெயில்.

இருந்தவர்களைச் சொல்லிவிட வேண்டும். இறந்துபோன பாளையக்காரரின் தம்பி உலகப்பர். மூத்த தாரத்து மகன் நல்லபெருமாள். காவல் தலைவன் இருளப்பன். நாவிதர் மாடக்கண்ணு. பங்காளிகள் முப்பது பேர். பிற்பாடு சேர்த்துச் சொன்ன பெயர்கள் எல்லாம் பொய்.

பதினாறாம் நாள் கருமாதி. அந்த வம்சத்தில் பாளையக்காரர் இறந்தால் பங்காளிகள் அத்தனை பேருக்கும் மொட்டை. மழித்து, முழுகி எழுந்ததும் வாரிசின் தலையில் உருமால் கட்டுவார்கள். கட்டிவிட்டால் அவனே பாளையக்காரன்.

நல்லபெருமாளின் சிவப்பு உருமால் உலகப்பர் கையில், தாம்பாளத்தில். நனையாமல் துண்டால் மூடியிருந்தார்.

இளைய தாரத்து மகன் சூரப்பன் தனக்கே பாளையம் என்று பிரிந்துபோய் ஒன்பது நாள். இதுவரை ஒரு வைக்கோல் படப்பு எரிந்திருக்கிறது. சண்டை இன்னும் சண்டை ஆகவில்லை.

இரண்டு பிள்ளைகளும் ஒரே தண்ணீரில் முழுகி எழுந்தால் ஆகாமலே போகும். உலகப்பர் அதை நம்பினார். சூரப்பனுக்கு ஓலை விட்டிருந்தார். வேல்களைக் கரையில் சாத்தச் சொன்னார்.

"ஐயா, ஒரு நாலு பேராவது வேலோட நிக்கட்டும்" என்றான் இருளப்பன்.

"எதுக்குலே? அவனுக்கும்தானே அப்பன் செத்திருக்கு."

"செத்தது தெரியும் ஐயா. அவன் அழுதானான்னுதான் தெரியல."

உலகப்பர் சிரிக்கவில்லை. "தீட்டுக்குள்ள எவனும் ஆயுதம் எடுக்க மாட்டான். நம்ம ரத்தம்லே அது."

சாரல். வெயில். தலைமயிர் தண்ணீரில் விழுந்து மெல்ல நகர்ந்தது.

கிழக்குக் கரையில், பனைகளுக்கு நடுவே, மொட்டைத் தலைகள். பத்து. இருபது. நாற்பது. ஈரத்தில் வெயில் பட்டு மின்னும் தலைகள். முன்னால் சூரப்பன்.

உலகப்பருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "வந்துட்டாம்லே எம்புள்ள! வழி விடுங்க."

வழி விட்டார்கள்.

முன்பே மழித்த தலைகள். எந்தக் குளத்தில் மழித்தார்கள்? எப்போது முழுகினார்கள்? தீட்டைக் கழித்துவிட்டு அல்லவா வருகிறார்கள்? அந்தக் கேள்வி ஒரு நொடி முன்னால் வந்திருக்கலாம். வரவில்லை. வேட்டி மடிப்பிலிருந்து கத்திகள் வந்தன.

இடுப்பளவு தண்ணீரில் சண்டை. எல்லாம் மொட்டை. எல்லாம் ஒரே நெற்றி, ஒரே மூக்கு. எது நம் தலை? எது அவன் தலை? ஓங்கிய கை ஓங்கியபடி நின்றது. நம்மவர் கை மட்டும். அவர்கள் மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டி வந்திருந்தார்கள். நல்ல ஏற்பாடு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சாரல் விடும் முன்பே முடிந்தது. ஏழு உயிர் போனது. சாத்திய வேல் ஒன்றை எட்டிப் பிடிக்கப் போன இருளப்பன் கரையிலேயே விழுந்தான். பாதி மழித்த தலையோடு நல்லபெருமாளைக் கட்டி இழுத்துப் போனார்கள்.

சூரப்பன் தாம்பாளத்துக்குக் கை நீட்டினான். உலகப்பர் விடவில்லை.

"குடுத்திரும் சின்னையா. உம்மைத் தொட மாட்டேன். நீரு வழி விட்டவரு."

சிரித்துக்கொண்டே சொன்னான். எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான். பிறகு பிடுங்கிக்கொண்டான்.

பதினொரு வருடம் நடந்தது பாளையத்துக்கான சண்டை. அத்தனை வருடமும் உலகப்பர் தெருவில் இறங்கினால் பேச்சு நின்றுவிடும். அவர் கடந்து போனதும் மறுபடி தொடங்கும்.

சூரப்பனோடு அவர் முன்பே பேசி வைத்திருந்தார் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

இல்லை. பேசவில்லை. ஏமாந்தார்.