மூன்றாவது விடை

“கிணத்துக் கட்டில ஏறாதை பிள்ளை! நில்லு, நான் அள்ளி ஊத்திறன்.”

குசினிக்குள்ளிருந்து இராசேஸ்வரி போட்ட சத்தத்தில் சிவரூபி அப்படியே நின்றுவிட்டாள். விடியற்காலையிலிருந்து அந்த வீட்டு வயலில் களை பிடுங்கிவிட்டு வந்தவளுக்குத் தொண்டை வறண்டு கிடந்தது. இராசேஸ்வரி வந்து, வாளியைத் தொட விடாமல், உயரத்திலிருந்து அவள் கைகளுக்குள் தண்ணீர் ஊற்றினாள். அதைத் தர்மம் என்றுதான் அந்த மனுசி நினைத்துக்கொண்டிருந்தாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து துணுக்காய்க்குக் குடியேறிய குடும்பம் அது. காணியையும் வாய்க்கால் தண்ணீரையும் அரசாங்கம் கொடுத்தது; இந்தப் பழக்கத்தை மட்டும் அவர்களே கையோடு கொண்டுவந்தார்கள். ஒழுங்கைக்கு அங்கால், பள்ளத்தில் இருந்த மூக்கனின் குடும்பம் மலையகத்திலிருந்து வந்தது. அவர்களை வயலுக்குக் கூப்பிடலாம், கிணற்றுக்கு விடக் கூடாது. மூக்கனின் மகள்தான் சிவரூபி.

அவள் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. நாற்பது வருடம் உழுத காணிக்கு அப்பாவிடம் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. அதற்காகவே சட்டம் படிக்க நினைத்தாள். சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கு இன்னும் ஒன்பது நாள். அந்தப் பக்கத்தில் அதற்குப் படிப்பிக்க இருந்த ஒரே ஆள் இராசேஸ்வரியின் கணவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் மயில்வாகனம். தன் மகள் ஜெயரூபிக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இவளையும் விறாந்தையில் இருக்க விட்டார். ஜெயரூபிக்குக் கதிரை, இவளுக்குப் பாய்.

அன்றைக்கு, வாசித்து விடை தெரிவுசெய்யும் பயிற்சிக்கு ஒரு விஞ்ஞானப் பந்தி.

“பந்தியில இருக்கிறதை மட்டும் வைச்சு முடிவுக்கு வாங்கோ,” என்றார் மயில்வாகனம். “வீட்டில பழகினதை, ஊரில கேட்டதை உள்ளுக்கு விடாதையுங்கோ. அதிலதான் எல்லாரும் பிழை விடுறவை.”

மேட்டில் இருந்த கிணற்றில் கலந்த சாயம், ஐந்து நாளில் பள்ளத்துக் கிணற்றில் தெரிந்ததாம். இதிலிருந்து என்ன ஊகிக்கலாம்? ஜெயரூபி இரண்டாவது விடையைப் போட்டாள்: மேட்டுக் கிணற்று நீர் சுத்தமானது. சிவரூபி மூன்றாவதைப் போட்டாள்: இரண்டு கிணறுகளுக்கும் நிலத்தடியில் தொடர்பு உண்டு.

“மூண்டுதான் சரி. ஜெயா, சுத்தம் எண்டு பந்தியில எங்க கிடக்கு?”

“அம்மா எப்பவும் அப்பிடித்தானே சொல்லுறவா.” விடையைத் திருத்திக்கொண்டே ஜெயரூபி கேட்டாள்: “அப்ப எங்கட கிணத்துத் தண்ணியும் சிவரூபியாக்களின்ர தண்ணியும் ஒண்டோ அப்பா?”

இராசேஸ்வரி கையில் அகப்பையோடு வாசலுக்கு வந்துவிட்டாள். “படிப்பிக்கிறன் எண்டு இந்தக் கதையளோ கதைக்கிறியள்?”

முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்த மனிதர் தொண்டையைச் செருமினார். “கேள்வி பிழை. ரெண்டு பேரும் அதை வெட்டுங்கோ.”

ஜெயரூபி வெட்டினாள். சிவரூபியின் பேனை அசையவில்லை. வகுப்புப் போய்விடும் என்ற பயம் இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

“சோதினையில இது வந்தா எதைப் போட, சேர்?”

“அங்க மூண்டைத்தான் போடவேணும்.”

“இஞ்ச?”

மயில்வாகனம் மனைவியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “இஞ்ச ஆர் பிள்ளை புள்ளி போடப் போகினம்? வெட்டிப்போட்டு இரு.”

சிவரூபி கொப்பியை மூடிக்கொண்டு எழுந்தாள்.

“சோதினைக்குப் போறவள் சேர் நான். பிழையைப் பழகிக்கொண்டு போகேலாது.”

‘போட்டு வாறன்’ என்று அவள் விடைபெறவில்லை. நாளைக்கு வா என்று அவரும் சொல்லவில்லை.