லீவில் இருப்பவளின் பங்கு

சனிக்கிழமை மதியக் கூட்டம் கலைந்த பிறகு, அந்த ஓட்டலின் பின்பக்க அறையில் டப்பாவைத் திறப்பார்கள். பழைய பிஸ்கட் டப்பாதான். மூடியில் கத்தியால் கீறிய ஒரு வாய். வாரம் முழுக்க வாடிக்கையாளர்கள் மேஜையில் விட்டுப்போகிற டிப்ஸ் எல்லாம் அதற்குள் போகும். முதலாளி தருகிற சம்பளம் பேருக்குத்தான். வாடகைக்கும் பஸ்ஸுக்கும் சரியாகிவிடும். வயிற்றைப் பார்த்துக்கொள்வது டப்பா. அதனால் டப்பா விஷயத்தில் முதலாளிகூட மூக்கை நுழைப்பதில்லை.

பங்கு பிரிக்க அவர்களாகவே வைத்துக்கொண்ட முறை ஒன்று உண்டு. பரிமாறுகிறவர்களுக்கு முழுப் பங்கு. சமையல் மாஸ்டருக்கு முக்கால். பாத்திரம் கழுவுகிறவருக்கு அரை. மொத்தப் பங்கு எத்தனை என்பது மாறாது. ஒருவர் வேலையை விட்டுப் போனால்தான் அந்தப் பங்கு புதிதாக வருகிறவருக்கு. உடம்புக்கு முடியாமல் படுத்தால் பங்கு ஆளைத் தேடிப் போகும். லீவு எத்தனை நாளானாலும் சரி.

அவனுடைய மனைவி அங்கே ஆறு வருடம் பரிமாறினாள். பிறகு மூன்று மாதம் படுத்திருந்தாள். அந்த மூன்று மாதமும் பங்கு ஆஸ்பத்திரிக்கே வந்துகொண்டிருந்தது. பிறகு அவள் போய்விட்டாள். அதற்கடுத்த சனிக்கிழமை, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவனை மாஸ்டர் போனில் கூப்பிட்டார். "வாங்க மாப்பிள்ளை, பங்கு எடுத்து வெச்சிருக்கோம்" என்றார். போனான், வாங்கிக்கொண்டான். அடுத்த வாரமும் போனான். வேண்டாம் என்று அவனும் சொல்லவில்லை. நிறுத்துகிறோம் என்று அவர்களும் சொல்லவில்லை. நாலு மாதம் ஓடிவிட்டது.

பணத்துக்காகப் போகவில்லை. குடிநீர் வாரியத்தில் அவனுக்கு நல்ல வேலை. தரைக்கு அடியில் எந்தத் தெருவில் எந்தக் குழாய் ஓடுகிறது என்று வரைபடம் போடுகிற வேலை. முதலில் வந்த பங்கு ஆஸ்பத்திரிக் கடனை அடைக்க உதவியது. அதற்குப் பிறகு வந்தது வங்கியில் கிடக்கிறது.

அவன் போனது அந்த ஒரு மணி நேரத்துக்காக. ஆபீசில் துக்கம் விசாரித்து முடித்துவிட்டார்கள். மாமியாருக்குப் போன் செய்தால் எடுத்ததும் அழுகை, பிறகு இருமல், பிறகு யாராவது வாங்கி வைத்துவிடுவார்கள். பின்பக்க அறையில் மட்டும்தான் அவளைப் பற்றிச் சாதாரணமாகப் பேசினார்கள். எந்த மேஜைக்காரரிடம் அவள் எப்படி வாயாடினாள், ஒருநாள் மேனேஜரின் கண்ணாடியைத் தட்டோடு சேர்த்துக் கழுவப் போட்டது, இப்படி. வீட்டில் அவனுக்குத் தெரிந்திருந்த மனைவியோடு, அவனுக்குத் தெரியாத இன்னொருத்தியும் வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டாள்.

ஆனால் கதைகளும் தீர்ந்துபோகின்றன. கண்ணாடிக் கதை மூன்று முறை வந்துவிட்டது. இப்போதெல்லாம் அவன் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும். "டீ குடிக்கறீங்களா மாப்பிள்ளை?" என்பார்கள். குடிப்பான். பங்கை வாங்கிக்கொண்டு பின்கதவு வழியாகவே வந்துவிடுவான். அவன் சந்து முனையைத் தாண்டுவதற்குள் உள்ளே பேச்சு மறுபடி தொடங்கிவிடும். அது காதில் விழாத மாதிரி நடப்பான்.

அந்தச் சனிக்கிழமை ஆபீசைச் சீக்கிரம் மூடிவிட்டார்கள். ஊருக்கெல்லாம் குழாய் போடுகிற வாரியத்தில் மாடிக் குழாய் வெடித்து, வரைபட அறை முழுக்கத் தண்ணீர். பசித்தது. நேராக ஓட்டலுக்குப் போனான். நல்ல கூட்ட நேரம். முன்வாசல் வழியாக நுழைந்தான்.

அந்த வாசல் வழியாக அவன் அதிகம் வந்ததில்லை. "நீ வந்து உக்காந்தா எனக்குச் சிரிப்பு வந்துரும். தட்டெல்லாம் கொட்டிடும், வராதே" என்பாள் அவள்.

மாடியில் ஏதோ பெரிய விருந்து. அக்காவும் மற்றவர்களும் தட்டுகளைச் சுமந்துகொண்டு படியேறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா என்றால் அங்கே மூத்த சர்வர். அவன் மனைவியைக் கூடப்பிறந்தவள் மாதிரிப் பார்த்துக்கொண்டவள். அவள் இவனைக் கவனிக்கவில்லை. கீழே ஒருத்தி மட்டும் நாலு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தாள். இவன் பார்த்திராத முகம். இவனை ஜன்னலோர மேஜையில் உட்காரவைத்தாள்.

"சீக்கிரம் வேணும்னா சூப்பும் ரொட்டியும் சார். ருசியா வேணும்னா அரை மணி ஆகும்."

"சீக்கிரமே இருக்கட்டும்."

"பிழைச்சேன். உள்ள மாஸ்டர் நெருப்புல நிக்கறாரு."

சாப்பிட்டு முடித்தான். பில்லுக்கான பணத்தோடு தட்டின் ஓரத்தில் ஒரு நோட்டையும் வைத்தான். மேஜையைத் துடைக்க வந்தவள் படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. இதை மேஜையில வைக்காம என் கையில குடுத்துருங்களேன்."

"ஏன்?"

"மேஜையில வெச்சா டப்பாவுக்குப் போயிரும். டப்பாவுல எனக்குப் பங்கு கிடையாது."

"நீங்கதானே பரிமாறுறீங்க?"

"ரெண்டு மாசமா நான்தான் பரிமாறுறேன். ஆனா எனக்கு முன்னாடி இந்தப் பக்கம் பாத்துக்கிட்டவங்க உடம்பு சரியில்லாம லீவுல இருக்காங்களாம். பங்கு அவங்களுக்கே போகுது. அவங்க வந்தாத்தான் என் கதை என்னன்னு தெரியும்."

அவள் துடைத்த மேஜையையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்ப வருவாங்களாம்?" என்று கேட்டது அவன் குரல்தான்.

"அதைக் கேட்டா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க. அக்கா மூஞ்சியத் திருப்பிக்கறாங்க. மாஸ்டர் கரண்டியத் தூக்கறாரு. நல்ல மனுஷி போலிருக்கு சார். இந்த மேஜைக்கு வர்றவங்க எல்லாரும் அவங்களைத்தான் விசாரிக்கறாங்க. லீவு, வந்துருவாங்கன்னு சொல்லிடுவேன்." துணியை உதறினாள். "சீக்கிரம் எந்திரிச்சு வரட்டும்னு நானும் வேண்டிக்கறேன். வந்துட்டா என் வேலை போயிருமேன்னு ஒரு பக்கம் பயமாவும் இருக்கு. என் பொழைப்பைப் பாத்தீங்களா?"

சிரித்தாள். அவன் நோட்டை அவள் கையில் கொடுத்தான். ஒரு டீ கொண்டுவரச் சொன்னான்.

டீ ஆறியது. லீவு. இந்த ஊரில் ஒரே ஓர் இடத்தில் அவள் இன்னும் திரும்பி வரவேண்டியவளாக இருக்கிறாள். முன்பின் தெரியாதவர்கள் இந்த மேஜையில் உட்கார்ந்து அவளை விசாரிக்கிறார்கள். வந்துவிடுவாள் என்று பதில் கிடைக்கிறது. நம்பிச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். இதற்கு அவன் செய்யவேண்டியது ஒன்றுமே இல்லை. வாயை மூடிக்கொண்டு சனிக்கிழமை தோறும் வந்து கை நீட்டினால் போதும். அவள் லீவிலேயே இருப்பாள்.

எதிரே புதியவள் தூண் மறைவில் நின்றபடி, யாரோ தொடாமல் விட்டுப்போன ரொட்டித் துண்டை இரண்டே வாயில் விழுங்கினாள். வாயைத் துடைத்துக்கொண்டு, புதிதாக வந்தவர்களிடம் முகம் முழுக்கச் சிரித்துக்கொண்டு போனாள். அந்தச் சிரிப்புக்குக் கிடைப்பதும் டப்பாவுக்குத்தான்.

கூட்டம் குறைந்தது. மாடி விருந்தும் முடிந்தது. அக்கா பின்பக்கம் போவது தெரிந்தது. புதியவள் ஏப்ரனை அவிழ்த்து மடித்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டினாள். பங்கு இல்லாதவள் பங்கு பிரிக்கிற இடத்தில் என்ன செய்வாள்? இவன் வாராவாரம் வந்தும் அவளைப் பார்க்காமல் போனது அதனால்தான்.

அவள் கதவுக்குப் போவதற்குள் எழுந்தான்.

"கொஞ்சம் இருங்க. என்கூடப் பின்னாடி வாங்க."

அவள் முகம் சட்டென்று சுருங்கியது. "எதுக்கு சார்? கையில வாங்கினதைப் போட்டுக் குடுக்கப் போறீங்களா?"

"இல்ல. வாங்க."

பின்பக்க அறையில் நீளமான பெஞ்சு, மாவு மூட்டைகள், நடுவில் டப்பா. மாஸ்டர் மூடியைத் திறந்துகொண்டிருந்தார். அக்கா காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். பாத்திரம் கழுவுகிறவர் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு ரேடியோ என்று பெயர், வாயே திறக்க மாட்டார் என்பதால். இவனும் புதியவளும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் மாஸ்டரின் கை மூடியிலேயே நின்றுவிட்டது.

"இவரைத் தெரியுமா உங்களுக்கெல்லாம்?" என்றாள் புதியவள்.

அக்கா மெல்லச் சொன்னாள். "நம்ம தங்கச்சி வீட்டுக்காரர்டி."

"லீவுல இருக்காங்களே, அவங்க வீட்டுக்காரரா? ஐயோ சார், நான் பாட்டுக்கு என்னென்னவோ உளறிட்டேனே! இப்ப எப்படி இருக்காங்க?"

சிங்க் குழாய் சொட்டியது.

அந்த வார்த்தையை அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். சொந்தக்காரர்களுக்கு மச்சான் போன் செய்தான். ஆபீசில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அவனுக்கு வேலை வைக்காமல் எல்லாரும் பார்த்துக்கொண்டார்கள்.

"அவ செத்துப்போயிட்டா" என்றான். "நாலு மாசம் ஆச்சு."

புதியவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் மாஸ்டர் பக்கம் திரும்பினான். "இனிமே பங்கை இவங்களுக்குக் குடுங்க மாஸ்டர்."

அக்கா அழத் தொடங்கினாள். அழுதுகொண்டே சொன்னாள்: "இவ வந்த முதல் நாளே கேட்டா, தனக்கு முன்னாடி யாரு இருந்தாங்கன்னு. எனக்கு வாயில வரல. லீவுன்னுட்டேன். அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?"

"நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றார் மாஸ்டர். "இந்தப் பொண்ணும் வயித்துக்குத்தானே ஓடுது, மாப்பிள்ளைகிட்ட பக்குவமா பேசுவோம்னு."

"பேசியிருக்க வேண்டியதுதானே?" என்றாள் அக்கா. "வாயில என்ன பூட்டா தொங்குது? வாராவாரம் அவரைப் பாத்ததும் டீ குடிக்கறீங்களான்னு கேட்டது யாராம்?"

"நீ ஏன் பேசல?"

"என்னால முடியல!"

"ரெண்டு பேரும் என்னைத்தான் சொல்லச் சொன்னீங்க" என்றார் ரேடியோ.

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டர், "அட, பாட ஆரம்பிச்சிருச்சே" என்றார். அழுதுகொண்டிருந்த அக்காவுக்கே மூக்கில் சிரிப்பு வந்தது.

புதியவள் இடுப்பிலிருந்து அந்த நோட்டை எடுத்து டப்பாவுக்குள் போட்டாள். "இது சார் குடுத்தது, கையில வாங்கினேன். பங்கு உண்டுன்னா இதுவும் உள்ளதானே போகணும்?"

"எத்தனை நாளா நடக்குது இந்தக் கைவேலை?" என்றார் மாஸ்டர்.

"பங்கு இல்லாத நாள்லேர்ந்து." பெஞ்சில் உட்கார்ந்தாள். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்: "அப்ப ரெண்டு மாசத்துப் பாக்கி?"

"சாவுச் சேதி கேட்டு ஒரு நிமிஷம் ஆகல, அதுக்குள்ள பாக்கியா!" என்று அக்கா பாய்ந்தாள்.

"என்கிட்ட இருக்கு" என்றான் அவன். தேவைக்கு மேல் வேகமாகச் சொல்லிவிட்டான். "பேங்க்ல அப்படியே இருக்கு. அடுத்த சனிக்கிழமை எடுத்துட்டு வந்து தந்துடறேன்."

மாஸ்டர் அவனைப் பார்த்தார். ஈரக் கையை அவன் தோளில் வைத்தார்.

"வேணாம் மாப்பிள்ளை. அந்தப் பணத்தைத் திருப்பி வாங்கினா எங்களுக்குச் சோறு இறங்காது. டப்பாவுலேர்ந்தே கொஞ்சம் கொஞ்சமா சரிக்கட்டிக்கறோம். நீங்க அலைய வேணாம்."

"எப்ப வேணாலும் வாங்க" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "முன்பக்கமா வாங்க, உக்காந்து நல்லா சாப்பிட்டுப் போங்க." மனதாரத்தான் சொன்னாள்.

"சரி" என்றான்.

"டப்பாவுலேர்ந்துன்னா யாரு பங்குலேர்ந்து?" என்றார் ரேடியோ. "என்னோட அரையில கை வைக்கறதா இருந்தா நான் ஒத்துக்க மாட்டேன்."

"அரை வாங்கறவர் பேச்சைப் பாரு!"

"முக்கால் வாங்கறவர் முதல்ல குடுக்கட்டுமே. அடுப்படியை விட்டு வெளிய வராதவருக்கு முக்காலே ஜாஸ்தி" என்றாள் அக்கா.

"என்ன சொன்னே? நான் ஆக்கலைன்னா நீ எதைத் தூக்கிட்டுப் போயி சிரிப்பே?"

"சண்டை போடாதீங்க, எனக்கு மொத்தமா குடுத்தாலும் சரிதான்" என்றாள் புதியவள்.

"இவளைப் பாரேன்!"

டப்பா கவிழ்ந்தது. சில்லறை பெஞ்சு முழுக்க உருண்டது. மாஸ்டர் பெஞ்சில் அறைந்தார். அக்கா அதைவிடப் பலமாக அறைந்தாள். நாலு மாதத்தில் இந்த அறையில் யாரும் குரலை உயர்த்தி அவன் கேட்டதில்லை. சனிக்கிழமைகளில் அவள் தொண்டை கட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவாள். என்ன ஆச்சு என்று கேட்டால் தூசி என்பாள். தேனும் வெந்நீரும் கலந்து கொடுப்பான்.

அவன் பின்கதவுப் பக்கம் நகர்ந்தான். யாரும் பார்க்கவில்லை. கதவைத் திறந்தபோது மட்டும் மாஸ்டர், சில்லறையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்:

"இழுத்துச் சாத்திட்டுப் போங்க மாப்பிள்ளை. பூனை வந்துரும்."

இழுத்துச் சாத்தினான். சந்தில் நின்றான். உள்ளே அக்காவின் குரல் மாஸ்டரின் குரல் மேல் ஏறியது. புதியவள் குறுக்கே புகுந்தாள். எதற்கோ எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். மறுபடி சண்டை. வெளியில் நின்று கேட்கிற யாருக்கும் அதில் ஒரு குரல் குறைகிற மாதிரித் தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்து பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தான். வெயில் இன்னும் இறங்கவில்லை.