ஸ்டீல் கிட்டாருக்கு இரண்டு விலை

ஹாசிம் முதலில் கிட்டாரைத் தொடவில்லை. பெட்டியின் மூடியைத் திறந்து, மீன் வாங்க வந்தவரைப் போலக் குனிந்து மோந்து பார்த்தார்.

"எலி மூத்திரம் இல்ல. கூரையில இரிக்கிற கறையானும் இதுக்குள்ள இறங்கல்ல," என்றார். "வீட்ட விட இது நல்லா இரிக்கிது."

ஹாசிமுக்குப் பாலாவிச் சந்தியில் ஒரு கடை இருந்தது. பழைய வானொலி, மணிக்கூடு, தையல் மெசின், பங்களாக்களில் கழித்துவிட்ட அலுமாரி என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு விலை இருக்கும். முந்தல் ஊரில் இறால் தீன் விற்கும் கடையில் வேலை செய்யும் சுதர்சினிதான் கேள்விப்பட்டு அவரை வரவழைத்திருந்தாள். அவளுடைய தாய் அனஸ்தாசியா சுவரோடு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, நடப்பது வேறு யாரோ வீட்டில் என்பதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிட்டார் அவளுடைய கணவன் செபமாலையினுடையது. சிலாபத்துப் பக்கத்துத் தென்னந்தோட்டப் பங்களாவில் சமையல்காரனாக இருந்த அவருடைய தகப்பனுக்கு, ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை விட்டுப்போனது. அதை மடியில் படுக்கவைத்து, கம்பிகளின் மேல் ஓர் இரும்புத் துண்டை வழுக்கி, கலியாண வீடுகளிலும் கோயில் திருநாள்களிலும் செபமாலை வாசிப்பதுண்டு. போர் முடிவதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு காலை, அதற்குப் புதுக் கம்பி வாங்குவதற்காகக் கொழும்பு பஸ் ஏறினார். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் அவரை இறக்கியதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். பிறகு அவரே, தான் அப்படிச் சொல்லவில்லை என்றும் சொன்னார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. போர் முடிந்தும் ஏழு வருஷமாகிவிட்டது.

நவம்பரில் ஆத்துமாக்கள் திருநாள் வரும்போதெல்லாம் சுதர்சினி கேட்பாள்: "இந்த முறையாவது அப்பாவுக்கு ஒரு பூசை குடுப்பமா அம்மா?"

"அது செத்த ஆக்களுக்கு," என்பாள் அனஸ்தாசியா. அந்த வருஷத்துக்கான கதை அத்தோடு முடிந்துவிடும்.

கிட்டாரை விற்பதில் மட்டும் அவளுக்குத் தடை இருக்கவில்லை. மாரிக்கு முன் கூரை மரத்தை மாற்றியாக வேண்டும். "சாமான்தானே. வந்தா வேற ஒண்டு வாங்கட்டும்," என்று சொல்லிப் பெட்டியைத் தானே கட்டிலுக்கடியிலிருந்து இழுத்துக் கொடுத்தாள்.

ஹாசிம் இப்போது கிட்டாரைத் தூக்கி மேசையில் வைத்தார். கம்பிகளுக்கு மேலே, அவற்றின் சத்தத்தைப் பிடிக்கும் இரண்டு காந்த வளைவுகள் பாலம் போல நின்றன. சட்டைப் பையிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்துக் காந்தத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். ஊசி விரலிலிருந்து பாய்ந்து ஒட்டிக்கொண்டது.

"உயிர் இரிக்கிது," என்றார்.

சுதர்சினி தாயைப் பார்த்தாள். தாய் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திருகாணி எல்லாம் பழசுதான். ஒண்டும் மாத்தல்ல. இந்தக் குமிழ் மட்டும் என்ன இது? பற்பசை மூடியா?"

"ஓம். முந்தினது உடைஞ்சு போச்சு," என்றாள் சுதர்சினி. "அப்பா சூடாக்கி வச்சு அமத்தினவர்."

"நல்லம். சத்தத்தக் கூட்டக் கூட்டப் பல்லும் வெள்ளையாகும்." தன் பகிடிக்குத் தானே சிரித்துவிட்டு, பெட்டியின் மூலையிலிருந்த இரும்புத் துண்டை எடுத்து உள்ளங்கையில் நிறை பார்த்தார். "இது துரைட சாமான் இல்லியே."

"வள்ள மெசின்ட சாவ்ட், சுத்துற தண்டு," என்றாள் அனஸ்தாசியா. "சிலாபத்தில கடைச்சல் பட்டறையில வெட்டினது."

அவள் வாய் திறந்ததைச் சாக்காக வைத்து ஹாசிம் கதிரையை அவள் பக்கம் திருப்பிப் போட்டார். சுதர்சினி தன் போனை நீட்டினாள். "ஹாசிம் நானா, நெட்டில பாத்தன். இதைப் போலதான். ரெண்டாயிரம் டொலர் போட்டிருக்கு."

"மகள், அது அமெரிக்காவில. அங்க பாணும் அமெரிக்கா விலதான்." ஹாசிம் போனைத் திருப்பிக் கொடுத்தார். "இஞ்ச இதுக்கு ஒரே ஒரு ஆள்தான் இரிக்கிறார். ஜாஎல டவுனில ஒரு மாத்தயா, சிங்களப் பெரியவர். பழைய பாட்டுக்காரங்கட சாமான் மட்டும் ஒரு அறை நிறைய வச்சிருக்கார். படம் அனுப்பிப் பாப்பம்."

அவர் முற்றத்து வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்தார். முன்பக்கம், பின்பக்கம், தலையிலிருந்த இலக்கம், பற்பசை மூடி. றோட்டால் உப்பு லொறி ஒன்று போனது. ஒட்டிய ஊசி இன்னும் காந்தத்திலேயே இருந்தது. ஆளுக்கு ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கும் முன்னமே ஜாஎலயிலிருந்து பதில் வந்துவிட்டது.

"ஒண்டேகால் லட்சம் எண்டுறார்," என்றார் ஹாசிம். குரலில் அவரையும் மீறி ஒரு மரியாதை வந்திருந்தது. "மூடியக் கழட்ட வேணாமாம். சாவ்ட் துண்டும் வேணுமாம். கதை இல்லாத சாமானுக்கு வில இல்ல எண்டு சொல்லுவார். வீட்டாள் ஒருத்தர் முகத்தக் காட்டி, இது ஆர்ட, அவருக்கு என்ன ஆச்சு எண்டு ரெண்டு வசனம் சொல்லணும். நான் போனில புடிக்கிறன். அவ்வளவுதான்."

அனஸ்தாசியா எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு கிட்டாருக்குப் பக்கத்தில் நின்றாள். அடையாள அட்டைக்குப் படம் பிடிக்க நின்ற மாதிரி நின்றாள்.

"சொல்லுங்க தங்கச்சி. இத வாசிச்சது ஆர்?"

"என்ட மனுசன். திருநாளுக்கெல்லாம் வாசிப்பார்."

ஹாசிம் போனைத் தாழ்த்தினார். "வாசிப்பார் எண்டா? முந்தி வாசிப்பார் எண்டா, இனிமே வாசிப்பார் எண்டா?"

"வாசிப்பார்," என்றாள் அவள்.

ஹாசிம் சிரிக்கத் தொடங்கி, மற்ற இருவரும் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார். சுதர்சினி தாழ்ந்த குரலில் இரண்டு வசனத்தில் விஷயத்தைச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார்.

"இஞ்ச பாருங்க தங்கச்சி," என்றார் பிறகு. "மாத்தயா முந்தி ஒரு வீட்டுல ஒரு வயலின் எடுத்தார். பொண்டாட்டிதான் வித்தது. ஆறு மாசத்தால புருசன் குவைத்துல இருந்து வந்து, பொலிஸையும் கூட்டிக்கொண்டு மாத்தயாட கேட்டுல நிண்டான். அண்டையிலருந்து அவருக்கு ஒரு சட்டம். சொந்தக்காரன் இரிந்தா சொந்தக்காரனே வந்து சொல்லணும். இல்லாட்டி செத்து மௌத்தாப் போனவர்ட சாமானா இரிக்கணும். ரெண்டுக்கும் நடுவுல உள்ளது வேணாமாம்."

"அப்பிடிச் சொல்லாட்டி?" என்று கேட்டாள் சுதர்சினி.

"நான்தான் எடுக்கணும். என்ட கடையில இத ஆர் வாசிக்கிறது? காந்தம் வேற, திருகாணி வேற, பெட்டி வேற எண்டு கழட்டித்தான் விப்பன். இருபதினாயிரம் தரலாம். பொய் சொல்லல்ல."

"அம்மா," என்றாள் சுதர்சினி. "ஒரு சொல்லுத்தானே."

அனஸ்தாசியாவின் கண் மேசையிலிருந்த தேநீர்க் கோப்பையில் இருந்தது. விளிம்பில் ஓர் எறும்பு சுற்றிக்கொண்டிருந்தது. மகள் சொன்னது கேட்டது. அது எங்கேயோ பக்கத்து வளவில் கூப்பிடுவதைப் போலக் கேட்டது. கோபமாவது வந்தால் நல்லது என்று நினைத்தாள். வரவில்லை.

"நீங்க ஒண்டும் சொல்ல வேணாம்," என்றார் ஹாசிம். "சும்மா நில்லுங்க. நான் பின்னால நிண்டு சொல்றன்."

"என்ட மனுசனை நீங்க என்னத்துக்கு நானா சாகடிக்கப் போறீங்க," என்றாள் அவள், சந்தையில் விலை கேட்கிற குரலில். ஹாசிம் தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு அவள் கேட்டாள்: "மாத்தயாவுக்குத் தமிழ் தெரியுமா?"

"ஒரு சொல்லும் தெரியா."

"அப்ப சிங்களத்தில சொல்லுறன். பிடியுங்க."

சிங்களம் அவள் படித்ததல்ல. சிலாபத்து மீன் சந்தையில் கொஞ்சம், பஸ்ஸில் கொஞ்சம், கணவனைத் தேடி ஏறி இறங்கிய அரசாங்கக் கந்தோர்களின் வரிசைகளில் மிச்சம் என்று சேர்ந்தது. கொழும்பில் அப்படி ஒரு வரிசையில் அவளுக்கு முன்னால் ஒரு சிங்களத் தாய் நின்றாள். "மகே புத்தாத் நெத்திவுணா," என்றாள் அந்தத் தாய். என் மகனும் இல்லாமல் போனான். பஸ்ஸில் பணப்பை தொலைந்தாலும் சிங்களத்தில் நெத்திவுணாதான். ஆஸ்பத்திரியில் விடியற்காலை ஒரு கிழவர் கண்ணை மூடினாலும் நெத்திவுணாதான். இரண்டுக்கும் அந்த ஒரே சொல். அந்தத் தாய் எதைச் சொல்கிறாள் என்று அனஸ்தாசியாவுக்குப் பிடிபடவில்லை. அந்தத் தாயின் கையிலிருந்த, இராணுவ உடுப்புப் போட்ட பொடியனின் படத்தையும், அதன் கீழே தமிழிலும் எழுதியிருந்த 'காணவில்லை' என்பதையும் பார்த்த பிறகுதான் விளங்கியது.

அனஸ்தாசியா போனைப் பார்த்து, இது என் கணவரின் கிட்டார் என்று சிங்களத்தில் சொன்னாள். இரும்புத் துண்டு எங்கே வெட்டியது என்று சொன்னாள். பிறகு, குரலில் ஏற்றமோ இறக்கமோ இல்லாமல், "மகே மஹத்தயா நெத்திவுணா," என்றாள். மகே மஹத்தயா என்றால் என் மனுசன்.

ஹாசிம் உடனே போனை இறக்கவில்லை. அரை வாழ்நாள் சிங்களத்தில் வியாபாரம் செய்தவர் அவர். அவளை ஒருமுறை உற்றுப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் அனுப்பும் பொத்தானை அமத்தினார்.

ஜாஎல மாத்தயா இந்த முறை குரலில் பதில் அனுப்பியிருந்தார். வயதான, மெதுவான குரல். மிகவும் வருந்துவதாகச் சொன்னார். கிட்டாரைக் கவனமாக வைத்திருப்பதாகவும், வீட்டு நோனா எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்றும் சொன்னார். விலையில் அவர் கையை வைக்கவில்லை.

ஹாசிம் முற்பணத்தை எண்ணி மேசையில் வைத்தார். காந்தத்திலிருந்த ஊசியைப் பிடுங்கிச் சட்டையில் குத்திக்கொண்டு பெட்டியை மூடினார். மோட்டார் சைக்கிளின் பின்னால் அதைக் கட்ட அனஸ்தாசியாதான் கயிறு பிடித்துக் கொடுத்தாள். முடிச்சு இறுக்கமா என்று இழுத்தும் பார்த்தாள். சைக்கிள் ஒழுங்கையால் திரும்பும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்தாள்.

சுதர்சினி நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய சிங்களம் முந்தல் கடையில் சிங்களப் பிள்ளைகளோடு சேர்ந்து வந்த சிங்களம். போன மாதம் முதலாளியின் தகப்பன் நெத்திவுணா என்று இரண்டு நாள் கடை பூட்டியிருந்தார்கள். சாவுக்கு வெள்ளைக் கொடி கட்டினார்கள்.

"சொல்லிட்டீங்க அம்மா," என்றாள். முகம் நனைந்திருந்தது. ஆனால் அழுகிற முகமாக இல்லை. பாரம் இறக்கிவைத்தவளின் முகமாக இருந்தது. "நீங்க சொல்லவே மாட்டீங்க எண்டு நினைச்சன்."

அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் என்று அனஸ்தாசியா சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தாள். போனுக்கு முன்னால் நின்றபோது தான் எதை நினைத்துச் சொன்னாள் என்று ஒருமுறை தனக்குள் தேடிப் பார்த்தாள். பணப்பையா, கிழவரா. எதுவும் கைக்கு வரவில்லை.

"பூசைக்கு இண்டைக்கே பாதரிட்டப் போய்ச் சொல்லட்டா?" என்றாள் மகள். "நவம்பருக்கு நிறையப் பேர் குடுப்பாங்க."

அனஸ்தாசியா கதிரையைச் சுவரோடு தள்ளி வைத்தாள்.

"சொல்லு," என்றாள். "சிங்களத்தில சொல்லு."

"பாதருக்குத் தமிழ் நல்லாத் தெரியுமே அம்மா."

"தெரியும். நீ சிங்களத்திலயே சொல்லு."