நீலக் கதவுக் கடை

அமெரிக்காவின் காப்பெல் ஊரில், சேனாபதியின் வீட்டு ஹாலில் அன்று மத்தியதரைக் கடல் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய டிவி முழுக்க நீலம். அடுத்த வாரம் கிரீஸுக்குக் கிளம்பும் இளம் தம்பதி முகிலனும் தென்றலும் சோபா நுனியில் உட்கார்ந்து கேட்க, சேனாபதி பாடம் நடத்தினார். போன கோடையில் ஒரே ஒருமுறை போய்வந்தவர்தான். ஆனால் பேச்சைக் கேட்டால் அந்தக் கடலுக்கு உப்புப் போட்டதே அவர்தானோ என்று தோன்றும். மகள் ஓவியா வேண்டாவெறுப்பாகத் தன் போனிலிருந்து ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஃபெர்ரிய முன்னாடியே புக் பண்ணிடுங்க முகிலன். பெரிய கார் ரென்ட் பண்ணாதீங்க, அந்தச் சந்துல திரும்பாது. சாப்பாடுதான் மெயின். கிச்சன் இருக்கற வீடாப் பாருங்க. ரைஸ் குக்கர், பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், இது மூணும் இருந்தா உலகத்தையே சுத்தலாம். எனக்கெல்லாம் வெளிச்சாப்பாடு ஒரு வேளைகூட ஒத்துக்காது."

ஊருக்கு உபதேசம் ஹாலில் நடக்க, அவர் மனைவி கலாவதி அடுப்படியில் வெங்காய பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில், போன கோடையில் கூடவே எடுத்துப்போன அந்தச் சின்னக் குக்கரில் சோறு வெந்துகொண்டிருந்தது. அமெரிக்க மின்சாரம், ஐரோப்பிய மின்சாரம் இரண்டிலும் ஓடும் குக்கர் அது. தென்றல் இரவல் கேட்டிருந்தாள். கொடுப்பதற்கு முன் ஒருமுறை வைத்துப் பார்த்துவிடலாம் என்று அரிசி போட்டிருந்தாள் கலாவதி.

கிரீன் கார்டு வரும்வரை அவர்கள் எங்கும் போகவில்லை. வெளியே போனால் விசா ஸ்டாம்பிங்கில் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்திலேயே வருஷங்கள் ஓடிவிட்டன. கார்டு கைக்கு வந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். படங்களில் பார்த்திருக்கிறாளே, தண்ணீரை ஒட்டிப் போட்டிருக்கும் அந்த நாற்காலிகள். அதில் ஒன்றில் உட்கார வேண்டும். வேறு யாராவது சமைத்து வேறு யாராவது கொண்டுவந்து வைக்க, சூடு ஆறுவதற்குள் சாப்பிட வேண்டும். கிரீஸுக்குப் போகும் விமானத்திலேயே அதைச் சொன்னாள். "பாக்கலாம்" என்றார் சேனாபதி. அவர்கள் எடுத்த வீடு மேட்டு உச்சியில் இருந்தது. காலையில் உப்புமா, மதியம் சோறு, ராத்திரி ரசம். அடுப்படி ஜன்னலில் புடவைக் கரை அகலத்துக்குக் கடல் தெரிந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று நாள்கள் தீர்ந்தன. கடைசி நாள் அவளே வாய்விட்டுக் கேட்டபோது, "வயிறு சரியில்ல கலா, கொஞ்சம் ரசம் வையேன். நானும் ஓவியாவும் சும்மா போட் பாத்துட்டு வந்துடறோம்" என்றார். பசிக்குமே என்று தயிர்சாதம் பிசைந்து டப்பாவில் போட்டு, பையில் வைத்து அனுப்பினாள். டப்பா துடைத்த மாதிரி காலியாகத் திரும்பி வந்தது. மனுஷனுக்கு வயிறு சரியாகிவிட்டதே என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

எண்ணெய்ப் புகைக்குப் போட்டிருந்த ஃபேனை நிறுத்தினாள். ஹால் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"ஆனா ஒரு கடைய மட்டும் மிஸ் பண்ணிடாதீங்க. ஹார்பர் கடைசில, நீலக் கதவு போட்டிருக்கும். ஆக்டோபஸ்ஸ நெருப்புல வாட்டி எலுமிச்சம்பழம் பிழிஞ்சு தர்றான் பாருங்க, அடடா! தண்ணிக்குப் பக்கத்துலயே டேபிள். கால நீட்டுனா அலை தொடும்."

கலாவதி ஜல்லிக்கரண்டியோடு வெளியே வந்தாள். டிவியில் சேனாபதி கையில் முட்கரண்டியுடன் வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார். எதிரே ஓவியா. மேசை நிறையத் தட்டுகள். மூன்றாவது நாற்காலியில் அவளுடைய தயிர்சாதப் பை.

"அக்கா, இந்த போட்டோல நீங்க எங்க?" என்றாள் தென்றல்.

"அவதானே எடுத்தா" என்றார் சேனாபதி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதுதான்.

ஓவியா தலையைத் தூக்கவில்லை. "நோ அப்பா, த வெயிட்டர் டுக் இட். அம்மா வாஸ் குக்கிங்."

"டப்பா காலியா வந்துச்சே?" என்று கலாவதி மகளைக் கேட்டாள்.

"வீ கேவ் இட் டு த கேட்ஸ், அம்மா. தே லவ்ட் இட்." சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தவள், "சாரி" என்று முனகினாள்.

கலாவதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் தின்றதுகூடப் பெரிதில்லை. அந்தக் காலி டப்பாவைத் துலக்கும்போது சந்தோஷப்பட்டாளே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பூனை நக்கிய டப்பா.

"ஒரு நாள்தானே கலா, அதுக்குப் போயி மூஞ்சிய இப்படி வச்சுக்கற" என்றார் சேனாபதி. பிறகு விருந்தாளிகள் பக்கம் திரும்பிச் சிரித்தார். "அடுத்த சம்மர் குரோஷியா போறோம். வீடு பாத்தாச்சு. இவளுக்குத்தான் ஜாலி, அங்க கிச்சன் இன்னும் பெருசு."

யாரும் சிரிக்கவில்லை. பேச்சை மாற்ற முகிலன்தான் வாயைத் திறந்தான். "அக்கா, அந்தக் குக்கர் தர்றேன்னு சொன்னீங்களாமே. எனக்கும் சோறு இல்லன்னா ஆகாது. அது மட்டும் இருந்துட்டா தென்றல் பாத்துப்பா."

கலாவதி தென்றலைப் பார்த்தாள். அந்தப் பெண் பயணத்துக்கென்று வாங்கிய புதுத் தொப்பியை மடியில் வைத்து, விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அது கெட்டுப்போச்சு முகிலன். சுத்தமா வேலை செய்யல."

அடுப்படியில் குக்கர் டக்கென்று அணைந்தது. வெந்த சோற்றின் வாசனை ஹால்வரை வந்தது. முகிலன் அடுப்படிப் பக்கம் பார்த்தான். தென்றலின் விரல்கள் தொப்பியில் அப்படியே நின்றன.

"சோறு ஆயிடுச்சு போலருக்கே" என்றார் சேனாபதி.

கலாவதி நகரவில்லை. ஓவியா படத்தை மாற்ற மறந்திருந்தாள். டிவியில் கடல் அசையாமல் நின்றது. மூன்றாவது நாற்காலிக்குக் கீழே ஒரு மெலிந்த பூனை தலையை உயர்த்தி, மேலே இருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தது.