ஆளில்லாத அறை

பல்கலைக்கழக எழுத்தர் அவள் நீட்டிய பிளாஸ்டிக் ஃபைலை முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை புரட்டினார். பிறகு கடைசியிலிருந்து முதலுக்கு வந்தார். ஏழு சான்றிதழ்கள். ஒவ்வொன்றிலும் தங்க நிறத்தில் ஒரு முத்திரை, அதற்கு மேலே அவள் பெயர். மூன்று வருடமாக வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பேருந்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கைப்பேசியில் ஒரு காதால் கேட்டு முடித்த பாடங்கள் அவை.

"எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா இது கலந்துகிட்டதுக்குக் குடுக்கிற காகிதம். பாஸ் பண்ணதுக்கு இல்ல."

"ஒவ்வொண்ணுலயும் கடைசியில கேள்வி கேட்டாங்களே சார். சரியாத்தான் சொன்னேன்."

"நீங்கதான் சொன்னீங்கன்னு யாரு பாத்தா?"

யாரும் பார்க்கவில்லைதான். எழுத்தர் கெட்டவர் இல்லை. அவள் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து நாற்காலியைக் காட்டினார். கல்லூரிப் பட்டப் படிப்பில் பத்தொன்பது வருடத்துக்கு முன்பு அவள் எழுதாமல் விட்ட ஒரே ஒரு தாள் இப்போது பாடத்திட்டத்திலேயே இல்லை என்றும், அதற்கு ஈடாக இணையப் படிப்பு ஒன்றைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்றும் நிதானமாகச் சொன்னார். ஏழில் ஒன்று, சரக்கு மேலாண்மை, அவர்கள் பட்டியலில் இருந்தது. அதற்குக் கேமரா முன்னால் உட்கார்ந்து ஒரு பரீட்சை எழுதினால் போதும். வருகிற சனிக்கிழமை மதியம் இரண்டு மணி. அந்தப் பாடத்துக்கு அதுதான் கடைசித் தேதி.

"ஒரு ரூம், ஒரு லேப்டாப், நீங்க. பொது இடம் கூடாது. ரூம்ல வேற ஆள் இருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவர் சொன்னது அவளோடு பேருந்தில் ஏறி வீடு வரை வந்தது.

அவள் வீடு ஓர் அறையும் அதற்குக் கதவில்லாத சமையற்கட்டும். அறையின் பாதியைக் கட்டில் எடுத்துக்கொண்டிருந்தது. கட்டிலில் அவள் கணவன். கட்டடங்களுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தவன், மூன்று வருடத்துக்கு முன்பு சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாமல் ஆனவன். அவனைத் தூக்கி வெளியே வைப்பதென்றால் இரண்டு ஆண்கள் வேண்டும். ஒவ்வொரு பாடத்தோடும் வந்த கேமரா பரீட்சையை இதுவரை அவள் தொடாமல் விட்டதற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

மருத்துவமனையின் சலவைப் பிரிவில் பதினோரு வருடமாக அவள் விரிப்புகளை மடிக்கிறாள். மேற்பார்வையாளர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்குப் பட்டம் வேண்டும். நாற்காலிமீது அவளுக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்லை. அதில் உட்காருகிறவர்களுக்கு இரவு வேலை கிடையாது, அது ஒன்றுதான். வாரத்தில் மூன்று இரவு கணவனைத் தனியாகப் பூட்டிவிட்டுப் போகிறாள். அவன் தலைமாட்டில் தண்ணீரும் கைப்பேசியும் இருக்கும். விடியற்காலையில் பூட்டைத் திறந்ததும் விளக்கைப் போட மாட்டாள். இருட்டிலேயே நின்று அவன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பாள். ஏறும். அதற்குப் பிறகுதான் செருப்பைக் கழற்றுவாள்.

கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி தன் வீட்டு மாடியறையையும் மகளின் மடிக்கணினியையும் தருவதாகச் சொல்லியிருந்தாள். சனிக்கிழமை காலை மடிக்கணினி மட்டும் வந்தது. "மாமியார் வீட்டு ஆளுங்க ஏழு பேர் வந்து எறங்கிட்டாங்கக்கா, மாடியில பாய் போட்டுப் படுத்திருக்காங்க" என்று வாசலிலேயே நின்று சொன்னவள், கண்ணைப் பார்க்காமல் போய்விட்டாள்.

வழக்கமான வேலைகளில் மணி பன்னிரண்டரை ஆனது. சோறு வடித்தாள். அவனைத் துடைத்து, புரட்டி, சட்டை மாற்றினாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அந்த வீட்டில் மௌனமும் ஒரு சாமான் மாதிரி. இடம் அடைத்துக்கொண்டிருந்தாலும் அதை யாரும் நகர்த்துவதில்லை.

"என்ன காலேஜ் பொண்ணு, பரீட்சைக்கு நேரமாகலையா?" என்றான் கடைசியில்.

"எங்க போய் எழுதறது? சும்மா இருங்க."

"இங்கதான். எம்மேல துணியப் போட்டு மூடு. கேமராவுல பாக்கிறவன் துவைச்ச துணி குவிஞ்சு கெடக்குன்னு நெனைச்சுக்குவான்."

"பைத்தியமா உங்களுக்கு?"

"மூணு வருஷமா துணி மாதிரிதான கெடக்கேன். ரெண்டு மணி நேரம் நிஜமாவே துணியா இருந்துட்டுப் போறேன். எனக்கொண்ணும் புதுசு இல்ல."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு வேறு வழி இல்லாமல் போயிற்று.

படுத்த ஆள் உள்ள வீட்டில் விரிப்புக்குப் பஞ்சமில்லை. கொடியிலிருந்து எல்லாவற்றையும் உருவிக்கொண்டு வந்தாள். கால் பக்கம் மடித்தவற்றை அடுக்கினாள். இடுப்பருகே கலைத்துப் போட்டாள். பதினோரு வருடக் கை என்பதால், எவ்வளவு கலைத்துப் போட்டாலும் ஓரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தே விழுந்தன, மறுபடி கலைத்தாள். கழுத்து வரை வந்தபோது கை நின்றது. முகத்தை மூடிய விரிப்புகள் வார்டிலிருந்து தனி மூட்டையாக வரும். அந்த மூட்டையை அவிழ்க்கும்போது சலவைப் பிரிவில் யாரும் பேச மாட்டார்கள்.

"மூடும்மா. பயப்படாத, எந்திரிச்சு ஓடிட மாட்டேன்."

"மூச்சு முட்டினா சொல்லுங்க."

"துணி பேசுமா?"

மூடினாள்.

இரண்டு மணிக்குத் திரையில் எழுத்துகள் தோன்றின. கண்காணிப்பாளருக்கு முகமோ குரலோ இல்லை, தட்டச்சு மட்டும்தான். அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார். காட்டினாள். அறையை மெதுவாகச் சுற்றிக் காட்டச் சொன்னார். மடிக்கணினியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு திரும்பினாள். சுவர், ஜன்னல், அடைத்த வாசல், சமையற்கட்டின் திறப்பு, கட்டில். திரையின் மூலையில் அவள் அறை சின்னதாக ஓடியது. அதில் கட்டில் நிறைய வெள்ளைத் துணி, அசையாமல். அவன் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தது. திரும்பவும் சுவருக்கு வந்தாள்.

'கட்டிலை மறுபடி காட்டவும்.'

காட்டினாள்.

'கொஞ்சம் அருகில்.'

போனாள். அசைந்துவிடாதே, அசைந்துவிடாதே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. துணி ஏறவில்லை. சட்டென்று அவளுக்கு, தான் எதை வேண்டிக்கொண்டு நிற்கிறோம் என்பது உறைத்தது. விடியற்காலை தவறாமல் இதே இடத்தில் நின்று இதே நெஞ்சு ஏற வேண்டும் என்று காத்திருந்தவள், இன்று ஏறிவிடக் கூடாதென்று நிற்கிறாள். மூன்று வருட அலுப்பு மொத்தமும் அந்த ஒரு நொடியில் தோளில் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது.

'அது என்ன?'

மடிக்கணினியை, கட்டில் தெரியும்படியே, முக்காலிமேல் வைத்தாள். விரிப்பின் நுனியைப் பிடித்து முகத்திலிருந்து இழுத்தாள். கண்ணை இறுக மூடி, கன்னம் உப்பி, சிவந்துபோய்க் கிடந்தான்.

"என் வீட்டுக்காரர்" என்றாள் திரையைப் பார்த்து. "எந்திரிக்க முடியாதவர். வெளியில கொண்டுபோய் வைக்க ஆளில்ல. மூடி வச்சது என் தப்பு. அவரு எனக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்க மாட்டாரு, அவருக்கு இந்தப் பாடமும் தெரியாது."

அவன் கண்ணைத் திறந்தான். "கெடுத்துட்டியே. இன்னும் கொஞ்ச நேரம் தாங்கியிருப்பேன்."

"மூச்சு விடுங்க."

திரையில் 'காத்திருக்கவும்' என்று மட்டும் வந்தது. அதற்குக் கீழே சின்ன வட்டம் ஒன்று சுற்றத் தொடங்கியது. எங்கோ ஓர் ஆள், யாரையோ கேட்டுக்கொண்டிருக்கலாம். அல்லது அந்த ஆளும் வெறுமனே இந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. இழுத்த விரிப்பை நுனியோடு நுனி சேர்த்து இரண்டாக மடித்தாள், இரண்டை நாலாக. அடுத்ததை எடுத்தாள். ஒவ்வொன்றாய் எடுக்க எடுக்க, அடியிலிருந்து அவன் சட்டை வெளியே வந்தது, அது வேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.